பருத்தித் தாளா, செலுலோஸ் தாளா? நிலைத்து நிற்கும் அச்சின் கதை

ஓவியங்களையும் ஒளிப்படங்களையும் நீண்டகாலம் நிலைக்கும் வகையில் அச்சிட்டுக் கொடுக்கும் நிலையங்களுக்குச் செல்வோர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பருத்தித் தாளா, செலுலோஸ் தாளா? பருத்தித் தாளின் விலை பெரும்பாலும் அதிகம். பருத்தி நூறாண்டு நிற்கும், மற்றது மஞ்சளாகிப் பொடிந்துவிடும் என்ற எண்ணமும் பரவலாக உண்டு. இந்த எண்ணத்தில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதை அறியக் கடந்த 200 ஆண்டுக் காலக் கடதாசி வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்க்கவேண்டும்.

முதலில் பெயரிலுள்ள குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பருத்தியும் செலுலோஸ்தான். சுத்திகரிக்கப்பட்ட பருத்தி இழை ஏறக்குறைய முழுவதுமே செலுலோஸ் ஆகும். மரத்திலோ செலுலோஸ் ஏறத்தாழப் பாதியளவே உண்டு. மீதியில் முக்கியமானது, இழைகளை ஒட்டிப் பிடித்து மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்னும் பொருள். வெளிச்சமும் காற்றும் பட்டுக் கடதாசி மஞ்சளாவதற்குப் பெருங்காரணம் இந்த லிக்னின்தான். இரசாயன முறையில் லிக்னினை நீக்கித் தூய்மைப்படுத்திய மரக்கூழையே அல்பா செலுலோஸ் என்கிறார்கள். ஆகவே கடைக்காரர் கேட்கும் கேள்வியின் உண்மையான பொருள், பருத்தியில் இருந்து வந்த செலுலோஸா, மரத்தில் இருந்து வந்த செலுலோஸா என்பதே.

ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கடதாசி கந்தைத் துணியில் இருந்தே செய்யப்பட்டது. அந்தக் கந்தையும் நெடுங்காலம் பெரும்பாலும் லினன் என்னும் ஆளித்துணியாகவே இருந்தது. பருத்திக் கந்தை பெருமளவில் சேர்ந்தது பின்னாளில்தான். 1455 அளவில் குட்டன்பேர்க் அச்சிட்ட விவிலியத்தின் கடதாசிப் பிரதிகள் இன்றும் உறுதியாக இருப்பதற்கு இத்தகைய கந்தைத் தாளே காரணம். மை ஊறிப் பரவாதிருக்க அத்தாளுக்கு விலங்குத் தோலில் இருந்து எடுத்த பசையைப் பூசினார்கள்.

வாசிப்போர் தொகை பெருகியபோது கந்தைக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அதற்குத் தீர்வாக வந்த இரண்டு மாற்றங்கள் கடதாசியின் தலைவிதியையே மாற்றிவிட்டன. முதலாவது, ஜேர்மனியரான மோரிட்ஸ் இல்லிக் 1807 இல் வெளியிட்ட முறை. தோல் பசைக்குப் பதிலாக மரப்பிசினையும் படிகாரத்தையும் கூழிலேயே கலப்பது அது. மலிவானது, இயந்திரத்துக்கு ஏற்றது. ஆனால் படிகாரம் கடதாசியினுள் அமிலத்தை விட்டுச் சென்றது. இரண்டாவது, மரத்தை அரைத்துக் கூழாக்கும் முறை. 1840களில் ஜேர்மனியில் ஃபிரீட்ரிக் கெல்லரும் கனடாவில் சார்ள்ஸ் ஃபெனெர்ட்டியும் ஒருவரையொருவர் அறியாமலே இதில் ஈடுபட்டனர். அரைத்த கூழில் மரத்தின் லிக்னின் அப்படியே தங்கியது. அமிலமும் லிக்னினும் ஒரே தாளில் சேர்ந்தால் அத்தாளின் ஆயுள் எப்படி நீளும்?

யாழ்ப்பாணத்தில் 'உதயதாரகை' தொடங்கிய 1841 ஆம் ஆண்டில் மரக்கூழ்க் கடதாசி சந்தைக்கு வந்திருக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டுப் பத்திரிகைகளோ அரைத்த மரக்கூழில் செய்த செய்தித்தாளிலேயே வெளிவந்தன. பத்திரிகைக் காரியாலயங்களில் பழைய கோவைகளைப் புரட்டியவர்களுக்கு இது நன்கு தெரியும். நாற்பது, ஐம்பது ஆண்டுக்கு முந்திய பிரதியைத் தொட்டாலே ஓரங்கள் உதிர்ந்து கையோடு வரும். காலத்தால் முந்தியது நின்றுவிட, பிந்தியது அழிந்துபோகும் விந்தை இதனால் நேர்ந்தது.

பருத்திக்கு மரியாதையும் மரத்துக்கு அவப்பெயரும் இந்த அனுபவத்தில் பிறந்தவையே. ஆனால் குற்றவாளி யார் என்பது சரிவரத் தெளிவாகியது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். அமெரிக்காவின் வேர்ஜினியா மாநிலத்தைச் சேர்ந்த ஆவணப் பாதுகாவலர் வில்லியம் பரோ, 1900 முதல் 1949 வரை வெளியான 500 நூல்களின் தாள்களைச் சோதித்து 1959 இல் முடிவுகளை வெளியிட்டார். அவற்றில் மிகப் பெரும்பான்மையானவை அரை நூற்றாண்டுகூடத் தாங்கமாட்டா என்பதும், முதன்மைக் காரணம் அமிலமே என்பதும் அம்முடிவுகள். அவர் அத்துடன் நிற்கவில்லை. இரசாயன முறையில் சுத்திகரித்த மரக்கூழைக் கொண்டு, அமிலமின்றி, நீண்டகாலம் நிலைக்கும் தாளைச் செய்ய முடியும் என்றும் காட்டினார். மரம் குற்றவாளி அல்ல, மரத்தோடு நாம் சேர்த்ததும் நீக்காமல் விட்டதுமே குற்றம் என்பது இதனால் நிறுவப்பட்டது.

ஒளிப்படத் துறை இதை முன்னரே நடைமுறையில் கண்டிருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஒளிப்படத்தாளுக்கு உயர்தரக் கந்தைத் தாளே பயன்பட்டது. 1920களில் கொடாக் நிறுவனம் தூய மரக்கூழுக்கு மாறத் தொடங்கியது. 20ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற கறுப்பு வெள்ளைப் படங்கள் பல இத்தகைய தாளிலேயே அச்சாகி, இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

சர்வதேச தர நிர்ணயங்களும் இந்த வேறுபாட்டை ஏற்றுள்ளன. 1994 இல் வந்த ஐ.எஸ்.ஓ. 9706 நிலைத்த தாளுக்கு உரியது. அது எந்த இழை என்று கேட்பதில்லை. தாள் காரத்தன்மையுடன் இருக்கவேண்டும், எதிர்காலத்தில் உருவாகும் அமிலத்தைத் தணிக்க 2 வீதம் கல்சியம் காபனேற்றுக்குச் சமமான காரச் சேமிப்பு வேண்டும், லிக்னின் மிகக் குறைவாக இருக்கவேண்டும் என்றே கேட்கிறது. 1996 இல் வந்த ஐ.எஸ்.ஓ. 11108 ஆவணக் காப்பகத் தாளுக்கு உரியது. அதுதான் பருத்தி, ஆளி, சணல் போன்ற இழைகளையே முதன்மையாக வேண்டுகிறது. அடிக்கடி மடித்தும் புரட்டியும் கையாளப்படும் ஆவணத்துக்கு வேண்டிய பலம் அதன் நோக்கம். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும் படத்துக்கு அந்தப் பலம் அவ்வளவு தேவையில்லை.

டிஜிற்றல் காலத்தில் முதலில் தோற்றது தாள் அல்ல, மை. பாடகர் கிரஹாம் நாஷ் 1991 இல் கலிபோர்னியாவில் தொடங்கிய நாஷ் எடிஷன்ஸ் என்ற கூடம், 126,000 டொலர் பெறுமதியான ஐரிஸ் 3047 அச்சியந்திரத்தில் ஒளிப்படங்களைக் கனத்த ஓவியத் தாளில் அச்சிட்டது. உண்மையில் அந்த இயந்திரம் வண்ண அச்சுக்கு முன்னர் சோதனைப் பிரதி எடுப்பதற்கென்று செய்யப்பட்டது. அதன் சாயமைகள் விரைவில் மங்கின. தாள் எவ்வளவு உயர்ந்ததாயினும் படம் போய்விட்டால் என்ன பயன்? 2000 அளவில் எப்சன் போன்ற நிறுவனங்களின் நிறமித்துகள் மை பரவலானபின்னரே தாளின் ஆயுள் பற்றிய பேச்சுக்குப் பொருள் ஏற்பட்டது. நாஷின் அந்த இயந்திரம் இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் உடைமை.

இன்று 1584 முதல் இயங்கிவரும் ஜேர்மனியின் ஹானெமூலே ஆலை இரண்டு வகையையும் விற்கிறது. அதன் ஃபோட்டோ ராக் பருத்தி, ஜேர்மன் எச்சிங் அல்பா செலுலோஸ். பெயரில் கந்தை இருந்தாலும் இன்றைய பருத்தித் தாள் பெரும்பாலும் கந்தையில் இருந்து வருவதில்லை. பஞ்சு எடுத்தபின் விதையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சில் இருந்தே வருகிறது. மேலும், மை தங்குவது இழையில் அல்ல, தாளின்மேல் பூசப்பட்ட படலத்தில். வண்ணத்தின் ஆழத்தைப் பெரிதும் தீர்மானிப்பது அந்தப் படலமே. பருத்தித் தாள் தரும் மென்மையும் கையில் எடுக்கும்போது உணரும் நிறைவும் தனியானவை, மறுப்பதற்கில்லை. ஆனால் பருத்தித் தாளிலும் வெண்மையூட்டி கலந்தவை உண்டு. புறஊதாக் கதிரை நீல ஒளியாக மாற்றிக் கண்ணைப் பறிக்கும் அந்தப் பொருள் காலப்போக்கில் வலுவிழக்க, தாளின் வெண்மை மாறிவிடும்.

எனவே தாள் வாங்குவோர் கேட்கவேண்டியவை மூன்று. அமிலமற்றதா? லிக்னின் நீக்கப்பட்டதா? வெண்மையூட்டி இல்லாததா? மூன்றுக்கும் ஆம் என்ற பதில் கிடைத்தால், பருத்தியா மரமா என்பது பெரும்பாலும் ரசனையும் பணப்பையும் தீர்மானிக்கும் விடயமே. சட்டத்தின் பின்புறம் மலிவான மரத்தூள் பலகையை வைத்தால், அதிலுள்ள அமிலம் எந்தத் தாளுக்குள்ளும் ஊறும் என்பதையும் மறக்கலாகாது.

இது நமக்கு வெறும் கலை விடயம் அல்ல. இடம்பெயர்ந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்களிடம் பாட்டன் பாட்டியின் முகமாக எஞ்சியிருப்பது ஒரேயொரு படம். அதை டிஜிற்றல் பிரதியெடுத்துப் புதிதாக அச்சிடும்போதுதான் இந்தக் கேள்வி நம் முன் வருகிறது. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாகின. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் கையெழுத்துப் பிரதிகளும் மீளவே இல்லை. நெருப்புக்குப் பருத்தியும் ஒன்றுதான், மரமும் ஒன்றுதான். ஒரு பருத்திப் பிரதிக்கு ஆகும் செலவில் நல்ல அல்பா செலுலோஸ் தாளில் இரண்டு பிரதிகள் எடுக்க முடியுமானால், இரண்டை எடுத்து இரண்டு நாட்டிலுள்ள இரண்டு வீடுகளில் வைப்பதே நல்லது.