முற்றத்துக் கோழியும் மூட்டைத் தீவனமும்



போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். வேலையை விட்டுவிட்டு ஊரில் இயற்கை முறையில் கோழிப்பண்ணை வைக்கப் போகிறானாம். 1,000 கோழியில் ஆரம்பிக்கும் எண்ணம். "டீச்சர், ரசாயனம் கலக்காத தீவனம் எங்கே வாங்கலாம்?" என்றான். வரலாற்று டீச்சரிடம் கோழித் தீவனம் கேட்கிறானே என்று சிரிப்பு வந்தது. ஆனால் யோசித்தால் இது வரலாற்றுக் கேள்விதான்.

எங்கள் அப்பத்தா கோழிக்கென்று தீவனம் வாங்கியதே இல்லை. காலையில் பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டு ஒரு கை நொய்யோ கம்போ இறைப்பார். மீதியைக் கோழியே குப்பைமேட்டில் கிளறித் தேடிக்கொள்ளும். குஞ்சு பொரித்த நாட்களில் மட்டும் கூடுதலாக ஒரு வேலை. பழைய மண்பானையில் வைக்கோலும் சாணமும் ஓலைத் துண்டுகளும் போட்டு, தண்ணீர் தெளித்து, கறையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைப்பார். காலையில் நிமிர்த்தினால் உள்ளே கறையான் மொய்க்கும். குஞ்சுகள் பாய்ந்து வந்து கொத்தும்.

வெயில், சாணம், பூச்சி. இந்த மூன்றும் கோழிக்கு என்ன கொடுத்தன என்பது, கோழியைக் கொட்டகைக்குள் அடைத்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

1923-ல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் செசீல் ஸ்டீல் என்ற பெண்மணி 50 குஞ்சுகள் கேட்டிருந்தார். தவறுதலாக 500 வந்துவிட்டன. திருப்பி அனுப்பாமல் கறிக்கென்று வளர்த்து விற்றார். நல்ல லாபம். மூன்றே வருடத்தில் 10,000 கோழிகளுக்குக் கொட்டகை போட்டார். அங்கே பிராய்லர் தொழில் வேரூன்றியது இப்படித்தான்.

ஆனால் வெயில் படாமல் வளர்ந்த குஞ்சுகளுக்குக் கால் வலுவிழந்து போகும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்தவர்கள், வெயிலில் விட்டாலும் சரி, மீன் எண்ணெய் கொடுத்தாலும் சரி, கால் தேறுவதைக் கண்டார்கள். வைட்டமின் டி-தான் காரணம். அதன்பின் வெயில் பாட்டிலில் வந்துவிட்டது.

அடுத்த சிக்கல். தானியமும் சோயாவும் மட்டும் தின்ற குஞ்சுகள் சரியாக வளரவில்லை. மீன் தூள் கலந்தால் வளர்ந்தன. காய்ந்த மாட்டுச் சாணம் கலந்தாலும் வளர்ந்தன! அதில் இருந்தது என்ன என்ற கேள்விக்கு 1948-ல் விடை கிடைத்தது: வைட்டமின் பி12.

அதை மலிவாகத் தயாரிக்கப் போய்த்தான் வேறொரு கதவு திறந்தது. லெடர்லி ஆய்வுக்கூடத்தில் ஜூக்ஸ், ஸ்டோக்ஸ்டாட் இருவரும், ஆன்டிபயாட்டிக் மருந்து தயாரித்தபின் மிஞ்சிய கழிவைக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பி12-ஆல் வரக்கூடியதைவிட அதிகமாகக் குஞ்சுகள் வளர்ந்தன. கழிவில் ஒட்டியிருந்த மருந்துதான் காரணம். 1950-ல் இது வெளியானது. பிறகு நோயே இல்லாத கோழிக்கும் தினமும் மருந்து. கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிவிடும் ஆபத்து புரிந்து, வளர்ச்சிக்காக இப்படிக் கொடுப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006-ல் முழுவதுமாக நிறுத்தியது. இந்தியா 2019-ல் கோலிஸ்டின் என்ற மருந்தைக் கால்நடைகளுக்குக் கொடுக்கத் தடை விதித்தது.

மூன்றாவது, பூச்சி. இறகும் சதையும் வளர மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் வேண்டும். சோயாவில் அது குறைவு, பூச்சியில் உண்டு. அதையும் தொழிற்சாலையில் செய்து மக்காச்சோளம், சோயா மூட்டையில் கலந்துவிட்டார்கள்.

இதை நான் குறையாக மட்டும் சொல்லவில்லை. நாட்டுக்கோழி வருடத்துக்கு 100 முட்டைகூட இடாது; பண்ணைக் கோழி 300-ஐத் தொடும். சத்துணவில் என் பிள்ளைகள் சாப்பிட்ட முட்டை கொட்டகையிலிருந்து வந்ததுதான். அதை மறந்துவிட்டுப் பேசக் கூடாது.

ஆனால் இயற்கை முறை என்று இறங்குபவர் இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஐரோப்பிய இயற்கை வேளாண் விதிப்படி செயற்கை அமினோ அமிலம் கூடாது. அமெரிக்காவில் மெத்தியோனினுக்கு மட்டும் அளவு வைத்து அனுமதிக்கிறார்கள். கோழியைக் கொட்டகையிலேயே வைத்துக்கொண்டு மூட்டையை மட்டும் மாற்றினால், இறகு உதிர்ந்து, ஒன்றையொன்று கொத்திக்கொண்டு நிற்கும். போட்ட பணமும் போய்விடும்.

அவனிடம் இதைத்தான் சொன்னேன். "தவிடு, நொய், கம்பு ஊரிலேயே கிடைக்கும். எள்ளுப் புண்ணாக்கில் மெத்தியோனின் நிறைய உண்டு. கருவாட்டுத் தூளிலும் உண்டு. கீரையும் அசோலாவும் நீயே வளர்க்கலாம். ஆனால் 1,000 வேண்டாம்ப்பா. உன் நிலம் எத்தனை கோழிக்குத் தீனி போடுமோ, அத்தனையில் ஆரம்பி."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அப்போ முதலில் என்ன வாங்கட்டும் டீச்சர்?" என்றான்.

"பழைய மண்பானை இருக்கிறதா பார்" என்றேன்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கோழிக்கு என்ன போட்டார்கள்? கேட்டு இங்கே எழுதுங்கள். அவனுக்கும் உதவும்.