லைட்ஹவுஸ் குப்பம்

லைட்ஹவுஸ் குப்பம் என்பது இந்தியாவின் தமிழ்நாடு மாநிலத்தில், திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டத்தில் உள்ள ஒரு மீனவர் ஊர் ஆகும். பழவேற்காடு ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடைப்பட்ட குறுகிய மணல்திட்டின் மீது இவ்வூர் அமைந்துள்ளது. பழவேற்காட்டைக் காண வரும் பயணிகள் பெரும்பாலும் இங்குள்ள கடற்கரைக்கும் வருகின்றனர். ஒல்லாந்தர் காலச் சின்னங்கள், பறவைகள் சரணாலயம், பழமையான கோயில்கள், பள்ளிவாசல்கள் ஆகியவை இவ்வூரைச் சுற்றிலும் உள்ளன.

பெயர்

குப்பம் என்பது கடலோர மீனவர் குடியிருப்பைக் குறிக்கும் சொல். 19 ஆம் நூற்றாண்டில் இங்கு அமைக்கப்பட்ட கலங்கரை விளக்கத்தால் இவ்வூர் இப்பெயரைப் பெற்றது. கூனங்குப்பம், வைரவன்குப்பம், கோரைக்குப்பம் முதலிய குப்பங்களும் இதே கடற்கரைப் பகுதியில் உள்ளன.

அமைவிடமும் போக்குவரத்தும்

பழவேற்காடு சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கி.மீ. தொலைவில் உள்ளது. சென்னை - கும்மிடிப்பூண்டி புறநகர் இருப்புப்பாதையில் உள்ள பொன்னேரி அருகிலுள்ள முதன்மையான தொடர்வண்டி நிலையமாகும். அங்கிருந்து பேருந்தில் பழவேற்காட்டை அடையலாம். பழவேற்காட்டையும் லைட்ஹவுஸ் குப்பத்தையும் ஒரு பாலம் இணைக்கிறது.

பழவேற்காடு ஏரி

ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு ஏரியாகும். இதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் உள்ளன. ஏரியின் தென்முனையில் ஆரணியாறும் வடபகுதியில் காளாங்கி ஆறும் கலக்கின்றன. ஏரியைக் கடலிலிருந்து பிரிக்கும் ஸ்ரீஹரிகோட்டா தீவில் சதீஷ் தவான் விண்வெளி மையம் உள்ளது. பக்கிங்காம் கால்வாயும் இந்த ஏரியின் வழியே செல்கிறது.

இது ஆழம் குறைந்த ஏரி. எனவே நீர்ப்பரப்பு பருவத்துக்கும் கடல் ஏற்ற இறக்கத்துக்கும் ஏற்ப விரிந்தும் சுருங்கியும் காணப்படும். வடகிழக்குப் பருவமழையின்போது ஆற்று நீர் வந்து சேர்வதால் உப்புத்தன்மை குறைகிறது. கோடையில் நீர் ஆவியாகி, சில இடங்களில் கடல் நீரை விடவும் உப்பு மிகுகிறது. இந்த மாற்றத்தைச் சமன் செய்வது ஏரியும் கடலும் சந்திக்கும் முகத்துவாரம் ஆகும்.

வரலாறு

போர்த்துக்கீசியர் 16 ஆம் நூற்றாண்டில் பழவேற்காட்டில் வணிகம் செய்தனர். 1610 ஆம் ஆண்டு ஒல்லாந்த கிழக்கிந்தியக் கம்பெனி விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரிடம் அனுமதி பெற்று இங்கு வணிக நிலையம் அமைத்தது. 1612 இல் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துக்கீசியர் அந்நிலையத்தைத் தாக்கினர். அதன் பின்னர் 1613 இல் ஒல்லாந்தர் கோட்டை ஒன்றைக் கட்டி, கெல்டிரியா எனப் பெயரிட்டனர். நெதர்லாந்தின் கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயரே இவ்வாறு வழங்கியது.

சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தரின் தலைமையிடமாகப் பழவேற்காடு 1690 வரை விளங்கியது. இங்கிருந்து ஏற்றுமதியான துணிகளைக் கொடுத்து இந்தோனேசியத் தீவுகளில் நறுமணப் பொருள்களை வாங்குவது அவர்களின் வணிக முறை. கோட்டையில் வெடிமருந்தும் செய்யப்பட்டது. பஞ்சக் காலங்களில் அடிமைகளாக விற்கப்பட்ட மக்கள் இத்துறையிலிருந்து பட்டாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர் என்பது இவ்வூர் வரலாற்றின் இருண்ட பகுதியாகும்.

1690 இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1781 இல் நாகப்பட்டினம் ஆங்கிலேயர் வசமானபின் மீண்டும் பழவேற்காட்டுக்கு வந்தது. 1795 இல் ஆங்கிலேயர் பழவேற்காட்டைக் கைப்பற்றினர். 1818 இல் ஒல்லாந்தரிடம் திருப்பித் தரப்பட்ட இவ்வூர், 1824 ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி 1825 இல் நிலையாக ஆங்கிலேயரிடம் சென்றது.

மீன்பிடித் தொழில்

ஏரியில் இறால், நண்டு, மடவை முதலியன கிடைக்கின்றன. இறால்கள் கடலில் முட்டையிடுகின்றன. அவற்றின் குஞ்சுகள் நீரேற்றத்தின்போது முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து வளர்கின்றன. வளர்ந்தபின் மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. எனவே நீரோட்டம் மிகுந்த, முகத்துவாரத்தை அடுத்த இடங்களிலேயே இறால் அதிகம் அகப்படும்.

அத்தகைய இடங்கள் குறைவு என்பதால் அவற்றைப் பகிர்ந்துகொள்ள மீனவர்கள் வகுத்துக்கொண்ட மரபு முறை பாடு எனப்படும். இதன்படி, ஊரில் தலைக்கட்டு உரிமை பெற்றவர்கள் சீட்டுக் குலுக்கி, எந்த நாளில் எவர் எந்த இடத்தில் வலையிடுவது என முடிவு செய்வர். நல்ல இடமும் சுமாரான இடமும் அனைவருக்கும் முறைவைத்துக் கிடைக்கும். கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்கள் இம்முறைக்குப் பெயர் பெற்றவை. பாட்டில் உரிமை இல்லாத பிற ஊர்களுக்கும் சமூகங்களுக்கும் இதனால் மனக்குறை இருந்து வந்துள்ளது. இருளர் மக்கள் ஏரியின் ஆழமற்ற பகுதிகளில் கையாலேயே இறால் பிடிக்கின்றனர். லைட்ஹவுஸ் குப்பம் முதலிய கடலோரக் குப்பங்களில் ஃபைபர் படகுகளில் கடல் மீன்பிடிப்பும் நடைபெறுகிறது.

காண வேண்டிய இடங்கள்

- கடற்கரை: கலங்கரை விளக்கத்தை அடுத்துள்ளது. காலையில் படகுகள் கரைசேரும் வேளையில் மீன் ஏலத்தைக் காணலாம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவூர்தி ஏவப்படும்போது இங்கிருந்து பார்க்க இயலும்.
- ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம்: இந்தியத் தொல்லியல் ஆய்வுத்துறையின் பாதுகாப்பில் உள்ளது. நுழைவாயிலில் எலும்புக்கூடு வடிவச் சிற்பங்கள் உள்ளன. கல்லறைகளின் மீது டச்சு எழுத்துகளும் குடும்பச் சின்னங்களும் நேர்த்தியாகச் செதுக்கப்பட்டுள்ளன.
- கெல்டிரியா கோட்டை: இப்போது அகழியின் சுவடும் இடிபாடுகளும் மட்டுமே புதர்களுக்கிடையே எஞ்சியுள்ளன.
- ஆதிநாராயணப் பெருமாள் கோயில்: செம்பாறைக் கற்களால் கட்டப்பட்டது. இராமாயணக் காட்சிகள் சிறு சிற்பங்களாக வடிக்கப்பட்டுள்ளன.
- பள்ளிவாசல்கள்: பெரிய பள்ளிவாசல், சின்னப் பள்ளிவாசல் என இரண்டு உள்ளன. தொழுகை நேரத்தை அறியப் பயன்பட்ட சூரியக் கடிகாரம் ஒன்று இங்கு உள்ளது.
- மகிமை மாதா ஆலயம்: போர்த்துக்கீசியர் காலத் தொடக்கம் கொண்டது.
- திருப்பாலைவனம்: பொன்னேரியிலிருந்து வரும் வழியில் உள்ள சிவத்தலம்.

பறவைகள்

ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980 ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இதன் பரப்பு 153.67 சதுர கி.மீ. ஆகும். அக்டோபர் முதல் மார்ச் வரை பறவைகளைக் காண ஏற்ற காலம். பூநாரை இங்கு மிகவும் புகழ்பெற்றது. கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, சாம்பல் நாரை, ஊசிவால் வாத்து, உள்ளான், ஆலா ஆகியவற்றையும் காணலாம். ஆந்திரப் பகுதியில் சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா செல்லும் சாலை ஏரியை ஊடறுத்துச் செல்வதால், அங்கிருந்தும் பூநாரைக் கூட்டங்களைப் பார்க்கலாம். அருகிலுள்ள நேலப்பட்டு சரணாலயத்தில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன.

படகு விபத்து

2011 டிசம்பர் 25 அன்று, கிறித்துமசு நாளில், சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். அவர்களிடம் உயிர்காப்பு உடைகள் இல்லை. இதன்பின் பயணிகளுக்கான படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. ஏரி ஆழமற்றதாயினும் முகத்துவாரத்தை ஒட்டி ஆற்று நீரும் கடல் நீரும் மோதுவதால் நீரோட்டம் வலிமையாக இருக்கும். மீன்பிடிப் படகுகள் பயணிகளுக்கென அமைக்கப்பட்டவை அல்ல. ஆகவே சவாரிக்கு எவரேனும் அழைத்தாலும் தவிர்ப்பதே பாதுகாப்பானது.

சிக்கல்கள்

அலைகள் கொண்டுவரும் மணலால் முகத்துவாரம் அவ்வப்போது தூர்ந்துவிடுகிறது. அப்போது இறால் குஞ்சுகள் ஏரிக்குள் வருவது தடைப்படுகிறது. ஏரி வழியே கடலுக்குச் செல்லும் படகுகளும் முடங்குகின்றன. மீனவர்கள் தாங்களே மணலை அகற்றி வழி ஏற்படுத்துவதும் உண்டு. நிலையான முகத்துவாரம் வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கையை ஏற்று, இருபுறமும் கற்சுவர் அமைக்கும் பணியைத் தமிழ்நாடு அரசு 2020களில் மேற்கொண்டது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இக்கடலோரக் குப்பங்கள் பாதிக்கப்பட்டன. தெற்கே எண்ணூர் துறைமுகம் 2001 இலும், காட்டுப்பள்ளி துறைமுகம் 2010களின் தொடக்கத்திலும் செயல்படத் தொடங்கின. காட்டுப்பள்ளி துறைமுகத்தை விரிவாக்கும் திட்டம் கடலரிப்பை மிகுவித்து மீன்வளத்தைக் குறைக்கும் எனக் கூறி மீனவர்களும் சூழலியலாளர்களும் எதிர்ப்புத் தெரிவித்துள்ளனர். இத்திட்டத்திற்காக 2021 சனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்ட பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் ஒத்திவைக்கப்பட்டன. ஒருபுறம் ஏரியும் மறுபுறம் கடலும் சூழ்ந்த ஒடுங்கிய மணல்திட்டில் வாழும் இம்மக்களுக்குக் கடலரிப்பு ஏற்பட்டால் பின்வாங்கிக் குடியேற நிலம் மிகக் குறைவு.