அழிந்த காடு திரும்ப வளர எத்தனை வருஷம் ஆகும்? கணக்கிடுவது எப்படி?

'மரத்தை வெட்டினா என்ன, திரும்ப வளர்ந்துடும்ல?' என்று கேட்பவர்கள் உண்டு. வளரும்தான். ஆனால் எத்தனை வருஷத்தில்?

இதற்கு விடை தேடிய சர்வதேச ஆய்வு ஒன்று 2021 டிசம்பரில் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. அமெரிக்கக் கண்டங்கள், மேற்கு ஆப்பிரிக்காவில் 77 இடங்களில், சாகுபடி கைவிடப்பட்ட நிலங்களில் தானாக வளர்ந்த வெப்பமண்டலக் காடுகள் ஆராயப்பட்டன.

எப்படி கணக்கு போடுறாங்க?

ஒரே காட்டை 100 வருஷம் காத்திருந்து பார்க்க முடியாது. அதனால், வெவ்வேறு காலத்தில் கைவிடப்பட்ட நிலங்களைத் தேர்ந்தெடுத்து, அதே பகுதியில் உள்ள பழைய காட்டோடு ஒப்பிடுகிறார்கள். பழைய நிலையில் 90 சதவீதத்தை எட்டினால், மீண்டதாகக் கணக்கு.

எது எப்போது மீளும்?

* மண்: 10 ஆண்டுக்குள்
* இலை, தண்டு போன்ற தாவரப் பண்புகள்: 25 ஆண்டுக்குள்
* பெரிய மரங்கள், காட்டின் அமைப்பு: 25 முதல் 60 ஆண்டு
* மரங்களின் மொத்த எடை, பழைய மர இனங்களின் கலவை: 120 ஆண்டுக்கு மேல்

20 வருஷத்திலேயே சராசரியாக 78 சதவீதம் மீண்டுவிடுகிறது என்பது நல்ல செய்தி. ஆனால் மண் ரொம்ப கெட்டுப்போனாலோ, விதை தர பக்கத்தில் காடு இல்லாவிட்டாலோ தாமதமாகும்.

அதாவது, புதர் மண்டிய நிலம் என்று நாம் ஒதுக்குவது வளரும் காடாக இருக்கலாம். அதை விட்டுவைத்தாலே போதும். இன்று வெட்டப்படும் பழங்காட்டை அதே மர இனங்களோடு பார்க்க, பேரப்பிள்ளைகள் காலம்கூட போதாது.