பூஜ்யம் எப்படி வந்தது?

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள ஷார்ப்ஸ்டவுன் உயர்நிலைப் பள்ளியை விட்டு 2001-02ல் 463 பேர் வெளியேறினார்கள். படிப்பை இடையில் விட்டவர்கள் எத்தனை பேர்? பதிவேட்டைப் பார்த்தால் பூஜ்யம்!

எப்படி என்கிறீர்களா? பலரை "வேறு பள்ளிக்கு மாறினார்", "சொந்த நாடு திரும்பினார்" என்று குறித்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

கணக்கு ரொம்ப எளிது. 100 பேர் சேர்ந்து 60 பேர் முடித்தால் 60 சதவீதம். போன 40 பேரில் 25 பேரை "இடமாற்றம்" என்று எழுதிவிட்டால், 75க்கு 60; அதாவது 80 சதவீதம். ஒருத்தர்கூட கூடுதலாகப் படித்துவிடவில்லை பாருங்கள்.

2003ல் டெக்சஸ் மாநிலத் தணிக்கையாளர்கள் ஹூஸ்டனில் 16 பள்ளிகளின் 2000-01 பதிவுகளைத் தோண்டினார்கள். வெளியேறிய சுமார் 5,500 பேரில் பாதிக்கும் மேற்பட்டவர்களை இடைநின்றவர்களாகக் காட்டியிருக்க வேண்டும், காட்டவில்லை.

2008ல் மத்திய அரசு விதியை இறுக்கியது. மாணவர் வேறு பள்ளியில் சேர்ந்ததற்கு எழுத்துப்பூர்வச் சான்று இருந்தால்தான் இடமாற்றம் என்று கழிக்கலாம். இல்லையென்றால் அவர் பழைய பள்ளியின் கணக்கிலேயே இருப்பார்.

வெறும் காகித வேலை என்று இதை என்னால் ஒதுக்க முடியவில்லை. மாறிப் போனதாக எழுதப்பட்ட பிள்ளையை அப்புறம் யார் தேடப் போகிறார்கள்?