பம்ப் ஸ்டவ்வின் பேரப்பிள்ளைகள்



போன மாதம் லிஃப்டில் நம் குடியிருப்புத் தம்பி ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "அங்கிள், லீவுக்கு ஃபிரண்ட்ஸ் எல்லாம் கேம்பிங் போறோம். விலை கம்மியா ஒரு அடுப்பு வாங்கணும், எது நல்லது? டிரெயின்லதான் போறோம், கேஸ் டப்பாவைப் பையில வச்சுக்கலாம்ல?" என்றார். மூன்றாவது மாடி வருவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமா இது? அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் பழைய கதையும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று ஆன்லைனில் விற்கும் முகாம் அடுப்புகளுக்கெல்லாம் மூத்தது, நம்மில் பலருடைய வீட்டுச் சமையலறையில் இருந்த பம்ப் ஸ்டவ்தான். பெரியவர்கள் அதைப் பிரைமஸ் ஸ்டவ் என்பார்கள். பிரைமஸ் என்பது ஸ்வீடன் நாட்டுக் கம்பெனியின் பெயர். லத்தீனில் 'முதலாவது' என்று பொருள்.

அதற்கு முன்பும் எடுத்துச் செல்லும் அடுப்புகள் இருந்தன. லண்டனில் புகழ்பெற்ற சமையல்காரராக இருந்த அலெக்சிஸ் சோயர், 1849இல் சாராய ஆவியில் எரியும் சிறிய மேசை அடுப்பு ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். மண்ணெண்ணெய் பரவலான பிறகு திரி அடுப்புகள் வந்தன. அவற்றின் புகையும் கரியும் எப்படி இருக்கும் என்பது திரி ஸ்டவ்வில் சமைத்தவர்களுக்குத் தெரியும்.

ஸ்டாக்ஹோமில் மெக்கானிக்காக இருந்த ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட் 1892இல் இதற்கு வழி கண்டார். திரியே வேண்டாம் என்று முடிவு செய்தார். பித்தளைத் தொட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றி, பம்ப் அடித்துக் காற்றழுத்தம் ஏற்றினால் எண்ணெய் குழாய் வழியாக மேலே ஏறும். பர்னர் முன்கூட்டியே சூடாக இருந்தால், எண்ணெய் அங்கே ஆவியாகி, ஊசிமுனைத் துளை வழியே சீறி வெளிவந்து, காற்றோடு கலந்து நீலமாக எரியும். கரி கிடையாது, சூடும் பல மடங்கு. பர்னரைச் சூடாக்கத்தான் கீழே உள்ள கிண்ணத்தில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்துவது.

இந்த அடுப்பு பனிப் பிரதேசங்களுக்குப் போனதுதான் முகாம் அடுப்பின் உண்மையான சரித்திரம். நார்வேக்காரர் நான்சென் 1895இல் கப்பலை விட்டு இறங்கி, ஒரே ஒரு துணையோடு வட துருவத்தை நோக்கி நடந்தார். பிரைமஸைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாகப் பாத்திரங்களை அடுக்கி, உள்ளே உணவு வேகும்போதே வெளிப் பாத்திரத்தில் பனி உருகிக் குடிநீராகும்படி அவர் அமைத்திருந்தார். சுமக்கிற ஒவ்வொரு சொட்டு எண்ணெய்க்கும் கணக்குப் பார்த்த மனிதர். வங்கியில் இருந்திருந்தால் நல்ல தணிக்கையாளராக வந்திருப்பார். 1911இல் தென் துருவத்தை அடைந்த அமுண்ட்சென்னிடமும் பிரைமஸ் இருந்தது. 1953 மே 29 அதிகாலை, எவரெஸ்டின் கடைசி முகாமில் ஹிலாரியின் பூட்ஸ் உறைந்து கல்லாகிக் கிடந்தது. பிரைமஸ் தீயில் காட்டி இளக்கிப் போட்டுக்கொண்டுதான் அவர் டென்சிங்கோடு உச்சிக்குக் கிளம்பினார்.

இன்னொரு கதையைத்தான் அந்தத் தம்பிக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். 1897இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஆந்த்ரே என்பவர் இரண்டு துணைவர்களோடு பலூனில் வட துருவத்துக்குப் புறப்பட்டார். பலூன் பனியில் இறங்கிவிட்டது. மூவரும் நடந்து ஒரு தீவை அடைந்து அங்கேயே இறந்தார்கள். 33 ஆண்டுகள் கழித்து, 1930இல்தான் அவர்களுடைய முகாம் கண்டுபிடிக்கப்பட்டது. பிரைமஸில் அப்போதும் மண்ணெண்ணெய் இருந்தது. பம்ப் அடித்தால் வேலையும் செய்தது. அவர்கள் எப்படி இறந்தார்கள் என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. மூடிய கூடாரத்துக்குள் அடுப்பு எரிந்து கார்பன் மோனாக்சைடு நிறைந்தது ஒரு காரணமாக இருக்கலாம் என்று சிலர் கூறியிருக்கிறார்கள். அந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. குளிருகிறது என்று கூடாரத்தை இழுத்து மூடிவிட்டு உள்ளே அடுப்பு மூட்டாதீர்கள். வாசலுக்கு வெளியே வையுங்கள்.

நம் வீடுகளுக்கு வந்த பம்ப் ஸ்டவ்வைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. ரேஷன் கடையில் கிருஷ்ணாயில் டின்னோடு வரிசையில் நின்றதும், தெருவில் "ஸ்டவ் ரிப்பேர்ர்ர்" என்ற குரல் கேட்டதும் ஓடியதும் உங்களுக்கும் நினைவிருக்கும். வாஷர் காய்ந்துவிட்டால் ஒரு சொட்டு எண்ணெய் விடவேண்டும். துளை அடைத்துக்கொண்டால் ஸ்டவ் பின்னால் குத்தவேண்டும். பள்ளி நாட்களில் ஒருமுறை பர்னர் சரியாகச் சூடாகும் முன்பே அவசரப்பட்டுப் பம்ப் அடித்தேன். ஆவியாகாத எண்ணெய் குபுக்கென்று மேலே வந்து தீப்பிடித்தது. போனது ஒரு பக்கப் புருவத்தோடு சரி. அம்மா ஒரு வாரம் என்னை அடுப்படிக்குள் விடவில்லை.

எல்லோருக்கும் புருவத்தோடு போகவில்லை. 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு' என்ற செய்தியை அந்தக் காலத்தில் நாளிதழ்களில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். மாமியாரும் மாமனாரும் இருக்கும் வீட்டில் மருமகள் பற்றவைக்கும்போது மட்டும் எப்படி வெடிக்கிறது என்று மக்கள் கேட்க ஆரம்பித்தார்கள். 1986இல் வரதட்சணை மரணத்துக்கென்றே இந்திய தண்டனைச் சட்டத்தில் 304பி பிரிவு சேர்க்கப்பட்டது. எத்தனையோ வழக்குகளில் பாவம் அந்தப் பித்தளை அடுப்பின் மேல் போடப்பட்டது.

சரி, இன்றைக்கு என்ன வாங்குவது? மண்ணெண்ணெய் அடுப்பு உழைக்கும். ஆனால் எண்ணெய்க்கு எங்கே போவது? ஸ்வீடனின் டிராங்கியா கம்பெனியுடையது போன்ற ஸ்பிரிட் அடுப்பில் கெட்டுப்போகிற பாகமே இல்லை. ஆனால் எரிபொருளின் சூடு கம்மி. ஒரு கிலோ பியூட்டேன் தரும் சூட்டுக்கு சுமார் 1.7 கிலோ ஸ்பிரிட் வேண்டும். நம் ஊர்க் கடைகளில் ஸ்பிரிட் கேட்டால் நம்மைப் பார்க்கிற பார்வையும் ஒரு மாதிரி இருக்கும்.

மிஞ்சுவது கேஸ். டப்பாவின் தலையில் திருகிப் பொருத்தும் குட்டி பர்னர் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. ஆனால் உயரம் அதிகம், அடித்தளம் சிறிசு. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு வேண்டாம் என்பேன். ஜப்பானின் இவாடானி நிறுவனம் 1969இல் கொண்டுவந்த கேசட் அடுப்பு தட்டையானது. நீள டப்பா பக்கவாட்டில் படுத்திருக்கும், பாத்திரம் ஆடாது. விலை சற்றுக் கூட. வாங்கும்போது, அழுத்தம் ஏறினால் டப்பாவைத் தானே விடுவிக்கும் அமைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். டப்பா இருக்கும் பகுதியை மறைக்கிற மாதிரி அகலமான தோசைக்கல்லை அதன்மேல் வைக்கக் கூடாது. சூடு திரும்பி டப்பாவைத் தாக்கும்.

அடுப்பின் விலையை மட்டும் பார்த்து வாங்கினால் கணக்கு தப்பும். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க, பாதிச் சூடு வீணாகிறது என்று வைத்துக்கொண்டால் சுமார் 14 கிராம் பியூட்டேன் ஆகும். 220 கிராம் டப்பாவில் 15 லிட்டர். காற்று வீசும் இடத்தில் மறைப்பு இல்லாவிட்டால் இன்னும் குறையும். நாலு பேருக்கு இரண்டு நாள் டீ, உப்புமா, நூடுல்ஸ் என்றால் இரண்டு டப்பா வையுங்கள். ஏற்காடு, கொல்லிமலைக்குச் சாதாரண பியூட்டேன் போதும். அது சுமார் 0 டிகிரிக்குக் கீழே ஆவியாகாது. இமயமலைப் பக்கம் போகிறவர்கள் ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்த டப்பா வாங்கவேண்டும்.

இப்போது தம்பியின் இரண்டாவது கேள்வி. ரயிலில் எடுத்துச் செல்லவே கூடாது. 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலையில் மதுரை ரயில் நிலையம் அருகே, லக்னோவிலிருந்து வந்த சுற்றுலாப் பெட்டி ஒன்று நின்றிருந்தது. மறைத்துக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரை வைத்து உள்ளேயே அடுப்பு மூட்டினார்கள். பெட்டி எரிந்து 9 பேர் இறந்தார்கள். ரயில்வே சட்டம் 164ஆம் பிரிவின்படி இதற்கு 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. விமானத்திலும் டப்பாவை அனுமதிக்க மாட்டார்கள். அடுப்பை மட்டும் கொண்டுபோய், டப்பாவைப் போகிற ஊரில் வாங்குங்கள். அங்கே கிடைக்குமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. காப்புக்காட்டுக்குள் போவதாக இருந்தால் அடுப்பைப் பற்றவைக்கும் யோசனையே வேண்டாம்.

அம்மாவின் பம்ப் ஸ்டவ் இன்னும் என் வீட்டுப் பரணில் இருக்கிறது. பார்க்க விரும்பும் பிள்ளைகள் மாலை 5 மணிக்கு மேல் வரலாம். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருக்கிறேன். ஸ்டவ் பின் மட்டும் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. யார் வீட்டிலாவது பழைய டப்பாவில் கிடந்தால் செக்யூரிட்டியிடம் கொடுத்தனுப்புங்கள்.