இரு பத்திகளில் எழுதப்பட்ட உடன்படிக்கை

கனடா நாட்டின் மேற்குக் கரைக்கு அப்பால், பசிபிக் மாக்கடலில், ஹைடா குவாய் என்னும் தீவுக்கூட்டம் உளது. 2010 வரை அரசாங்க ஏடுகள் அதனைக் குயின் சார்லட் தீவுகள் என்றே வழங்கின. அதன் தென்பகுதியாகிய குவாய் ஹானாஸ் இன்று காடும் கடலும் ஒருங்கே காக்கப்பெறும் நிலம். இதனைக் கனடா அரசு ஈந்த கொடை என எழுதுவோர் உளர். நிகழ்ச்சிகளின் வரிசையை நோக்குவோமாயின் அக்கூற்று நில்லாது.

திருச்சபை வரலாறு பயிலும் நமக்கு இங்கே ஓர் உறவும் உண்டு. நெல்லைச் சீமையில் பணியாற்றிய அதே சர்ச் மிஷனெரி சங்கத்தைச் சார்ந்த கோலிசன் ஐயர், 1876-இல் ஹைடா மக்களின் மாசெட் ஊரில் குடியேறினார். அதற்கு முன்னரே, 1862-ஆம் ஆண்டில் பரவிய பெரியம்மை அம்மக்களுள் பெரும்பாலோரை வாரிச் சென்றிருந்தது. எஞ்சியோர் தென்தீவுகளின் ஊர்களை விட்டு, வடக்கே மாசெட்டிலும் ஸ்கிடகேட்டிலும் ஒதுங்கினர். குலச்சின்னத் தூண்கள் மழையில் நனைந்து சாய்ந்தன. பாட்லாட்ச் என்னும் கொடைவிழாவை 1885 முதல் 1951 வரை சட்டம் தடுத்தது. அத்தடையை வேண்டியவர்களுள் மிஷனெரிமாரும் இருந்தனர் என்பதை நாம் மறைத்தற்கில்லை. நோயால் ஆளற்றுப்போன இடத்தை அரசாங்க வரைபடங்கள் உரியவரில்லாக் காடாகக் காட்டின. மரக்கம்பெனிகள் நுழைந்தது அவ்வழியேதான்.

1974-இல் ஹைடா இளைஞர் குஜாவும், அமெரிக்காவிலிருந்து வந்த தாம் ஹென்லி என்பவரும் வரைபடத்தின்மீது ஒரு கோடு இழுத்து, அதற்குத் தெற்கே மரம் வெட்டலாகாது என்றனர். இருவர் இழுத்த அக்கோடே பிற்காலத்தில் எல்லையாயிற்று. 1981 முதல் ஹைடா மக்கள் கோடைகாலந்தோறும் பழைய ஊர்களில் தங்கிக் காவல் புரியலாயினர். தூண்களின் உச்சியில் உயர்ந்த தொப்பியணிந்து அமர்ந்திருக்கும் காவலர் உருவங்களின் பெயரையே தங்களுக்கும் சூட்டிக்கொண்டனர். எந்த அரசாங்க ஆணைக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை. 1985-இல் ஹைடா தேசியப் பேரவை அந்நிலத்தை மரபுரிமைத் தலமென அறிவித்தது. அவ்வாண்டின் இறுதியில் லயல் தீவின் காட்டுச் சாலையில் மக்கள் மறித்து நின்றனர். நீதிமன்றத் தடையாணையை மீறியமைக்காக 72 பேர் கைதாயினர். முதலில் கைதானோர் முதியோரே.

1987-இல் மைய அரசும் மாகாண அரசும் தேசியப் பூங்கா அமைப்பதென ஒப்பமிட்டன. அத்தாளில் ஹைடா மக்களின் கையொப்பம் இல்லை! நிலம் யாருடையது என்ற வினாவால் மேலும் ஆறாண்டு கழிந்தது. 1993 ஜனவரியில் முடிந்த உடன்படிக்கை, நாம் அறிந்தவற்றுள் வியத்தகு ஆவணம். அதன் தொடக்கத்தில் இரண்டு பத்திகள் அருகருகே நிற்கின்றன. ஒன்றில், இந்நிலம் எமது பரம்பரை உரிமை என்று ஹைடா மக்கள் உரைக்கின்றனர். மற்றதில், இது அரசுடைமை என்று கனடா உரைக்கிறது. ஒருவர் கூற்றை மற்றவர் ஒப்பவில்லை. ஆயினும் நிலத்தைக் காப்பதில் இருவரும் ஒன்றுபட்டு, சம எண்ணிக்கையினர் அமரும் ஆட்சிக் குழுவை ஏற்படுத்தினர். அக்குழு இருதரப்பின் இசைவோடு தீர்மானிக்கும். இசைவு எட்டாதவிடத்து, காரியம் நிறுத்தப்பட்டு இரு அரசுகளிடமும் திரும்பும். நமது சபைச் சங்கங்களில் பெரும்பான்மை வாக்கே முடிவென்று பழகியவர்க்கு இது தாமதமாகவே தோன்றும். அத்தாமதத்தினால் காட்டுக்குக் கேடு விளையவில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில் கனடா ஆங்கிலிக்கன் திருச்சபையின் பேராயர் மைக்கேல் பியர்ஸ், பழங்குடிப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிகளில் திருச்சபையின் பங்கிற்காகப் பழங்குடியினரிடம் மன்னிப்புக் கோரினார். அருட்பணியின் வரலாற்றைக் கற்பிப்போர் இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒரே பாடத்தில் வைத்துப் படித்தல் நலம்.

2010-இல் கடற்பகுதியும் சேர்க்கப்பட்டது. 2018-ஆம் ஆண்டுத் திட்டம் நிலம், கடல், மக்கள் மூன்றையும் ஒன்றாய்க் கொண்டு, கடற்பரப்பில் ஏறக்குறைய 40 விழுக்காட்டில் வணிக மீன்பிடித்தலை விலக்கியது. 2013-இல் நாட்டப்பெற்ற புதிய தூணில், லயல் தீவில் மறித்து நின்றோர் நினைவாக ஐந்து மனிதர் கைகோத்து நிற்கின்றனர். காலில் மழைக்காலப் பூட்சுகள்.

நிலவுரிமை வினா 1993-இல் தீர்ந்துவிடவில்லை. 2024-இல் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணமும், 2025-இல் மைய அரசும், தீவுக்கூட்டத்து நிலம் ஹைடா மக்களுக்கே உரியதென உடன்படிக்கையால் ஏற்றன. அருகருகே நின்ற இரண்டு பத்திகளுள் எது வென்றது என்பதற்கு விடை வர முப்பதாண்டுக்கு மேல் ஆயிற்று. அதுவரை காடு நின்றுகொண்டிருந்தது.