காசோலையில் யார் பெயர்?

மானியப் பட்டியல் எதைப் பார்த்தாலும் முதலில் பெயரைத்தான் பார்ப்பேன்; தொகை பிறகு. நான் எழுத்தராக இருந்த நாளில் ஒரு குத்தகைக்காரர் என் மேசை முன் நின்று, "பயிர் நான் வைச்சது, பணம் மட்டும் அவருக்கா ஐயா?" என்றார். பட்டா அவர் பெயரில் இல்லை. விதியைச் சொல்லி அனுப்பிவிட்டேன். அதே கேள்வி அமெரிக்காவில் எப்படியெல்லாம் எழுந்தது என்பதை ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன்.

மிசிசிப்பி மாநிலத்தில் சன்பிளவர் என்றொரு கவுன்ட்டி, அதாவது நம் மாவட்டம் போன்ற ஒரு பிரிவு. பருத்தி பூமி. நிலம் வெள்ளைக்கார முதலாளிகளுடையது. உழைத்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின வாரக்குடிகள். பிரெஞ்சுப் பள்ளியில் நாங்கள் படித்த 'மெத்தாயே' இவர்கள்தான்: விளைச்சலில் பாதி முதலாளிக்கு, பாதி தனக்கு. அந்தப் பாதியும் முதலாளியிடம் வாங்கிய கடனுக்கே போய்விடும்.

1933இல் பருத்தி விலை அடிமட்டத்தில் கிடந்தது. விளைச்சலைக் குறைத்தால் விலை ஏறும் என்று ரூஸ்வெல்ட் அரசு மே மாதம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. நின்ற பயிரை மடக்கி உழுதால் பணம். தென்மாநிலங்களில் சுமார் ஒரு கோடி ஏக்கர் பருத்தியை அந்தக் கோடையில் உழுதார்கள். செடியை மிதிக்காமல் நடக்கப் பழகிய கோவேறு கழுதைகள் அதன்மேல் நடக்க மறுத்தன என்று சொல்வார்கள்.

பணத்தில் பெரும்பங்கு நிலச் சொந்தக்காரரிடம் போனது. அதை மேற்பார்க்க வேண்டிய உள்ளூர்க் குழுவிலும் அவர்களே இருந்தார்கள். சாகுபடிப் பரப்பு குறைந்ததும் வாரக்குடிகள் வேண்டாதவர்கள் ஆனார்கள், பலர் வெளியேற்றப்பட்டார்கள். 1934இல் பக்கத்து ஆர்கன்சா மாநிலத்தில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்தே குத்தகை விவசாயிகள் சங்கம் தொடங்கினார்கள்.

முப்பது ஆண்டு கழித்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. சன்பிளவரில் ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் வைத்திருந்த ஜேம்ஸ் ஈஸ்ட்லாந்து, செனட்டர். செனட்டின் வேளாண்மைக் குழுவிலும் இருந்தவர். 1960களின் இறுதியில் அவருடைய பண்ணைக்கு ஒரே ஆண்டில் இலட்சம் டாலருக்கு மேல் மானியம் கிடைத்தது.

அதே கவுன்ட்டியில் பேனி லூ ஹேமர் என்ற அம்மையார், ஆறு வயதில் பருத்தி எடுக்கப் போனவர். பிறகு ஒரு தோட்டத்தில் ஆட்களின் வேலையைக் குறித்து வைக்கும் கணக்குப் பிள்ளை. ஒரு வகையில் என் தொழில்தான். 1962 ஆகஸ்ட் 31 அன்று வாக்காளராகப் பதியப் போனதற்காக, 18 ஆண்டு உழைத்த இடத்திலிருந்து அன்றிரவே வெளியேற்றப்பட்டார்.

1970ஆம் ஆண்டுச் சட்டம் ஒருவருக்கு ஒரு பயிருக்கு 55,000 டாலர் என்று வரம்பு கட்டியது. உடனே பல பெரிய பண்ணைகள் குடும்பத்தார், பங்காளிகள் பெயரில் பிரிந்தன. நில உச்சவரம்புச் சட்டத்தைப் பார்த்த நமக்கு இது புதிதா என்ன?

ஹேமர் மானியத்துக்குக் காத்திருக்கவில்லை. 1969இல் நன்கொடை திரட்டி 40 ஏக்கர் வாங்கி, ஏழைகளுக்காகக் கூட்டுறவுப் பண்ணை தொடங்கினார். காய்கறி பயிரிட்டார்கள், பன்றிக் குட்டிகளைக் குடும்பங்களுக்கு வளர்க்கக் கொடுத்தார்கள். கடனும் இயற்கைச் சீற்றமும் சேர, சில ஆண்டுகளில் பண்ணை நின்றுபோனது. 1977இல் அவரும் காலமானார்.

என் மேசை முன் நின்றவருக்கு விதிப்படி நான் சொன்ன பதில் சரிதான். ஆனால் அவர் கேட்டது விதியை அல்ல. "உங்கள் கேள்வி நியாயமானது" என்று ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கலாம். அதைக்கூடச் சொல்லாமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.